‘சிஸ்டத்துல காட்டலை சார்’: ஒருங்கிணைந்த காவல் மென்பொருளில் அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழிமுறை

அவசர அழைப்பு, ரோந்து வண்டி, வழக்குப் பதிவு, சான்றுக் காணொளி, பணிப் பட்டியல் என்று ஐந்தாறு தனி மென்பொருள்களை ஒன்றாக்கும் வேலையில் இருப்பவர்களுக்கான குறிப்பு இது. தனித்தனியாக ஓடியபோது தெரியாத கோளாறுகள், ஒன்றாக்கிய மறுநாளே வரிசையில் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப இவற்றோடு மல்லுக்கட்டியதில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தப் புகார் வந்தாலும் முதலில் கேட்பேன்: ‘இந்தத் தகவலை எழுதும் உரிமை யாருக்கு?’ பாதி நேரம் பதிலாக இரண்டு பெயர் வரும். பிழை அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

## கை வைப்பதற்கு முன்

கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அவர் காகிதத்துக்கும் வயர்லெஸ்ஸுக்கும் மாறட்டும். அப்புறம் லாக் கோப்புகளை (மென்பொருள் தான் செய்ததைத் தானே குறித்துவைக்கும் கோப்புகளை) நகலெடுங்கள், திரையைப் படம் பிடியுங்கள். அதற்குப் பிறகுதான் ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட் செய்தால் பல பிழைகள் மறையும், அவற்றோடு காரணமும் மறைந்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் ஒரே வரி கட்டளையில் திருத்திவிடலாம் என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள். கடைக் கணக்கில் அது திருத்தம். வழக்குப் பதிவில் அது தடயமில்லாத மாற்றம். ‘இந்த நேரம் முன்பு வேறாக இருந்ததே, யார் மாற்றியது?’ என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், காரணம் நான்கும் பதிவாகும் வழியில் மட்டும் திருத்துங்கள். அப்படி ஒரு வழியே உங்கள் மென்பொருளில் இல்லையென்றால், இந்தப் பட்டியலை மூடிவைத்துவிட்டு முதலில் அதைக் கட்டுங்கள்.

## அறிகுறி: வண்டி ஓரிடத்தில், வரைபடத்தில் வேறிடத்தில்

எவ்வளவு தூரம் தள்ளிக் காட்டுகிறது என்று பாருங்கள். அதை வைத்தே கிளை பிரிக்கலாம்.

கடலிலோ வேறு நாட்டிலோ நிற்கிறது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. மனிதர்கள் பெரும்பாலும் அட்சரேகையை முதலில் சொல்வார்கள். மென்பொருள்கள் இடத் தகவலைப் பரிமாறும் ஜியோஜேசான் வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்கும் இடத்தில் இது நடக்கும். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் கினி வளைகுடாவில் உங்கள் வண்டிகள் குவிந்திருந்தால், இடம் கிடைக்காதபோது பூஜ்யம், பூஜ்யம் என்று அனுப்புகிறார்கள் என்று பொருள். வெற்று மதிப்பை வெற்றாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

நூறு மீட்டர் அளவில் கட்டம் கட்டமாகத் தாவுகிறது. தசம இலக்கங்களை யாரோ வெட்டிவிட்டார்கள். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அட்சரேகையில் ஒரு படி சுமார் 111 மீட்டர். ஐந்து இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர் சொச்சம்.

எல்லா வண்டியும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்திருக்கிறது. வரைபடமும் ஜிபிஎஸ்ஸும் வேறு வேறு ஆதார அளவையில் (அட்சரேகை, தீர்க்கரேகையை எதை வைத்து அளப்பது என்ற அடிப்படையில்) இருக்கின்றன. இதை நீங்களே கூட்டிக் கழித்துச் சரிசெய்ய முயல வேண்டாம். நில அளவை வரைபடம் தெரிந்தவரை அழைக்கும் இடம் இது.

இடம் சரி, ஆனால் பத்து நிமிடத்துக்கு முந்தைய இடம். இதுதான் ஆபத்தானது. பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். டேப்லெட்டில் சிக்னல் போயிருக்கும், சர்வர் கடைசியாக வந்த புள்ளியையே காட்டிக்கொண்டிருக்கும். முதல் சோதனை: அந்தப் புள்ளி எத்தனை வினாடி பழையது என்று திரையில் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அது வலையமைப்புக் கோளாறு மட்டுமல்ல, வடிவமைப்புக் கோளாறும்தான். புதிய புள்ளி அடர் நிறத்தில், பழையது மங்கலாக, அதற்கும் பழையது குறுக்குக் கோட்டோடு இருக்கட்டும். வண்டியை அனுப்புகிறவர் எதை நம்பலாம் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

அழைத்தவரின் இடத்துக்கும் இதே விதி. கைபேசிக் கோபுரத்தை வைத்துக் கணக்கிட்ட இடம் சில நூறு மீட்டர் முதல் பல கிலோமீட்டர் வரை பிசகலாம். அதை ஊசி முனையாக வரைபடத்தில் குத்திவைத்தால் வண்டி நேராக அந்த ஊசிக்குத்தான் போகும். வட்டமாகக் காட்டுங்கள்.

அழைப்பு தவறான நிலையத்துக்குப் போகிறது. எல்லை மாறியிருக்கும். கட்டுப்பாட்டு அறை மென்பொருளில் ஒரு எல்லைக் கோப்பு, வழக்குப் பதிவில் இன்னொரு கோப்பு, இரண்டில் ஒன்றை மட்டும் புதுப்பித்திருப்பார்கள். கோப்பின் தேதியை ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

## அறிகுறி: அழைப்பு வருவதற்கு முன்பே வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது

சிரிப்பாக இருக்கும், நீதிமன்றத்தில் யாராவது அதைப் படித்துக் காட்டும் வரை. தொலைபேசி அமைப்பு, சர்வர், வண்டிக் கருவி, உடல் கேமரா என்று குறைந்தது நான்கு கடிகாரங்கள் இங்கே இருக்கின்றன. எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

- முழு மணி அல்லது அரை மணி: நேர மண்டலம். எங்கோ உள்ளூர் நேரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று நினைத்துச் சேமித்திருக்கிறார்கள்.
- சரியாக 12 மணி: முற்பகல், பிற்பகல் குழப்பம்.
- சரியாக 18 வினாடி: வண்டிக் கருவி ஜிபிஎஸ் நேரத்தைத் திருத்தாமல் அனுப்புகிறது. 2017 தொடக்கத்திலிருந்து ஜிபிஎஸ் நேரம் யூடிசியைவிட 18 வினாடி முன்னே ஓடுகிறது.
- ஏறத்தாழ 19 ஆண்டு 7 மாதம் பின்னே: பழைய ஜிபிஎஸ் கருவி. அதன் வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரல் 6. கருவிக்கு மென்பொருள் புதுப்பிப்பு கிடைத்தால் போடுங்கள், இல்லையென்றால் கருவியை மாற்றுங்கள்.
- நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது: கடிகாரம் எதோடும் ஒத்திசையவில்லை. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு வினாடி விலகுவது இயல்பு. மாதத்தில் அது ஒரு நிமிடத்தை நெருங்கிவிடும்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நம்பகமான ஒரு கடிகாரத்தின் முன் கேமராவை நீட்டிப் பத்து வினாடி பதிவு செய்யுங்கள். காணொளியில் பொறிக்கப்பட்ட நேரத்தையும் கடிகாரம் காட்டும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். பழுதைச் சரிசெய்வதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். சரிசெய்த பிறகு பழைய விலகல் எவ்வளவு என்று நிரூபிக்க வழியில்லை.

நிரந்தரத் தீர்வு: சர்வர்கள் அனைத்தும் வலையமைப்பு வழியே நேரம் தரும் ஒரே என்டிபி மூலத்தைப் பின்பற்றட்டும், கேமரா சார்ஜ் தளத்தில் அமரும் ஒவ்வொரு முறையும் நேரம் திருந்தட்டும், ஒவ்வொரு நிகழ்வுக்கும் கருவி சொன்ன நேரம், சர்வருக்கு வந்த நேரம் இரண்டையும் தனித்தனிப் புலத்தில் வையுங்கள். ஏற்கெனவே பதிவான நேரங்களைக் கூட்டிக் கழித்து ‘சுத்தம்’ செய்யாதீர்கள், விலகலைக் குறிப்பாக எழுதி வையுங்கள். அந்த நேரம் ஏதாவது வழக்கில் முக்கியமாகிவிட்டால் நீங்கள் விலகிக்கொண்டு டிஜிட்டல் தடயவியல் நிபுணரிடம் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: ஆள் பதிவில் இருக்கிறார், தேடினால் வரவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். சுலபமான காரணத்திலிருந்து போவோம்.

பெயர் கண்ணுக்கு எதிரே தெரிகிறது, தட்டினால் கிடைக்கவில்லை. அந்த எழுத்தின் உட்கூறுகள் வேறு. தமிழில் ‘கொ’ என்ற எழுத்தை ககரத்தோடு ஒரே ஒகரக் குறி சேர்த்தும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு சரம். இரண்டு மென்பொருள்கள் இரண்டு விசைப்பலகையில் தட்டியதை ஒன்றாகச் சேர்த்தால் இது கட்டாயம் வரும். உள்ளே நுழையும் இடத்திலும் தேடும் இடத்திலும் யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் (இரண்டு வடிவத்தையும் ஒரே வடிவமாக்கும் முறை) செய்தால் தீர்ந்தது.

ஆனால் எல்லாம் தீராது. ‘கௌரி’ என்பதைப் பலர் கொம்பு, ககரம், ளகரம் என்று தட்டி ‘கெளரி’ ஆக்கிவிடுவார்கள். அங்கே இருப்பது உண்மையான ளகரம் என்பதால் எந்த இயல்பாக்கமும் அதைத் தொடாது. காலுக்குப் பதில் ரகரம் தட்டுவதும் அப்படித்தான். இவற்றுக்குத் தேடல் பக்கம் தனி மாற்று விதி எழுத வேண்டும். சேமித்த பெயரை மாற்றாதீர்கள், தேடுவதற்கென்று இன்னொரு புலம் உருவாக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் வெற்றிடங்களும் அந்தத் தேடல் புலத்தில் கழிந்துவிடட்டும்.

ஆங்கில எழுத்தில் பெயர், எழுத்துக்கூட்டல் வேறு. ஒலி ஒத்த பெயர்களைச் சேர்த்துத் தேடும் சவுண்டெக்ஸைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுவார்கள். அது 1918இல் அமெரிக்காவில் ராபர்ட் ரசல் காப்புரிமை பெற்ற முறை, ஆங்கில ஒலிகளுக்காகச் செய்தது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ‘ஞானம்’ என்ற பெயரை ஒருவர் ‘ஜி’யில் தொடங்குவார், இன்னொருவர் ‘என்’னில் தொடங்குவார். சவுண்டெக்ஸில் இந்த இருவரும் ஜென்மத்துக்கும் சந்திக்க மாட்டார்கள். எழுத்து மாற்றத் தொலைவை (ஒரு பெயரை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்ற வேண்டும் என்பதை) அளக்கும் முறையும், உங்கள் மொழிக்கென்று எழுதிய ஒலி விதிகளும் சேர்ந்தால்தான் பயன்.

பெயர் தவறான பெட்டியில். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்தால், குடும்பப்பெயர் இல்லாதவரிடம் தலைப்பெழுத்து ஒரு பெட்டிக்கும் தந்தை பெயர் இன்னொரு பெட்டிக்கும் போகும். பதிபவருக்குப் பதிபவர் மாறும். முழுப்பெயர் என்று ஒரே பெட்டி போதும்.

பிறந்த தேதி ஜனவரி 1. தரவுத்தளத்தில் ஜனவரி 1 பிறந்தவர்களை எண்ணிப் பாருங்கள். மற்ற நாட்களைவிடப் பல மடங்கு இருந்தால், வயது மட்டும் தெரிந்தபோது பதிபவர்கள் ஒப்புக்கு ஒரு தேதி போட்டிருக்கிறார்கள். தேதியைக் கட்டாயப் புலமாக வைத்த நாம்தான் அவர்களைப் பொய் எழுத வைத்தோம். ‘இந்த நாளில் சொன்ன வயது இது’ என்று எழுத இடம் கொடுங்கள்.

## அறிகுறி: இரண்டு ஆட்கள் ஒரே ஆளாகிவிட்டார்கள்

மேலே உள்ளதற்கு நேர் எதிர். ஒருவர் நான்காகத் தெரிந்தால் வேலை தாமதப்படும். இரண்டு பேர் ஒருவரானால் யாரோ செய்த குற்றத்துக்கு வேறொருவர் சாலையில் நிறுத்தப்படுவார். இங்கே பிழை தேடும் வரிசையே வேறு. முதலில் அந்தப் பதிவை வைத்து நடவடிக்கை எடுக்காமல் இருக்க எச்சரிக்கைக் குறி போடுங்கள், பொறுப்பு அதிகாரிக்குத் தெரிவியுங்கள், அப்புறம் காரணம் தேடுங்கள்.

காரணம் பெரும்பாலும் தானியங்கி இணைப்புதான். பெயரும் பிறந்த ஆண்டும் ஒத்துப்போனால் ஒன்றாக்கு என்று விதி எழுதியிருப்பார்கள். இன்னொரு காரணம் பகிர்ந்த கைபேசி எண். ஒரே எண்ணை ஒரு வீட்டில் நான்கு பேர் கொடுப்பார்கள்.

பிரித்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். இணைக்கும்போது பழைய பதிவை அழித்துவிட்டிருந்தால் பேக்அப்பிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குத் தரவுத்தள நிர்வாகி வேண்டும், கூடவே ஒவ்வொரு வழக்கையும் காகிதத்தோடு சரிபார்க்க ஆள் வேண்டும். இந்த மொத்தப் பட்டியலில் செலவு பிடிக்கும் திருத்தம் இதுதான். நான் பார்த்த ஒரு அமைப்பில் இணைத்தது ஒரே இரவில். பிரித்து முடிக்க மாதங்கள் ஆயின. அதற்குப் பிறகு நான் கட்டும் எதிலும் ‘ஒன்றாக்கு’ என்ற பொத்தான் எதையும் அழிக்காது. ‘இவர்கள் ஒருவரே என்று இன்னார் இந்தக் காரணத்தால் கருதுகிறார்’ என்று ஒரு இணைப்பு மட்டும் எழுதும். இணைப்பை அறுத்தால் இருவரும் பழையபடி.

## அறிகுறி: ஒரே எண்ணில் இரண்டு சம்பவம், அல்லது எண் வரிசையில் ஓட்டை

ஒரே சம்பவம் இரண்டு முறை பதிவாகிறது. பதிபவர் பொத்தானை இரண்டு முறை அழுத்தினார், அல்லது பதில் வரத் தாமதமானதால் டேப்லெட் தானே மறுபடி அனுப்பியது. ஒவ்வொரு படிவத்துக்கும் திறக்கும்போதே ஒரு தனி அடையாளக் குறி உருவாகட்டும். அதே குறி மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே திருப்பித் தரட்டும்.

ஒரே விபத்துக்குப் பத்து அழைப்பு, பத்து சம்பவம். இது பிழை அல்ல, உலக இயல்பு. அருகில், சில நிமிடத்துக்குள் இன்னொரு அழைப்பு இருக்கிறது என்று திரையில் காட்டினால் போதும். தானாக ஒன்று சேர்க்கக் கூடாது. பத்தில் ஒன்று பக்கத்துத் தெருவில் நடக்கும் வேறொரு சம்பவமாக இருக்கலாம்.

வெவ்வேறு சம்பவங்களுக்கு ஒரே எண். சிக்னல் இல்லாத இடத்தில் இரண்டு டேப்லெட்கள் தாங்களாகவே அடுத்த எண்ணைக் கொடுத்துக்கொண்டன. எண் கொடுக்கும் உரிமை சர்வருக்கு மட்டும் இருக்க வேண்டும். டேப்லெட் தற்காலிகக் குறி ஒன்றைக் காட்டட்டும், அது தற்காலிகம் என்று கண்ணில் அடிக்கும்படி.

எண் தாவுகிறது. தரவுத்தளங்களின் தானியங்கி வரிசை எண், பாதியில் ரத்தான பதிவுக்கும் ஒரு எண்ணைச் செலவழித்துவிடும், திரும்பத் தராது. மென்பொருள்காரருக்கு இது சாதாரணம். தணிக்கைக்கு வருபவருக்கு ‘145க்குப் பிறகு 147, நடுவில் எந்தப் புகாரை மறைத்தீர்கள்?’ என்பது நியாயமான கேள்வி. அதனால் வழக்கு எண்ணைத் தரவுத்தள வரிசையோடு கட்டிப்போடாதீர்கள். தனிப் பதிவேடு வைத்து, ரத்தான எண்ணும் காரணத்தோடு அதில் நிற்கட்டும்.

## அறிகுறி: பணி மாறும் நேரத்தில் மட்டும் ஆமை வேகம்

ஒருவருக்கா, எல்லோருக்குமா என்று முதலில் கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் கணினி. ஒரு நிலையத்துக்கு மட்டும் என்றால் அந்த இணைப்பு. எல்லோருக்கும் என்றால் சர்வர்.

நான் இரண்டு நாள் வீணாக்கிய கதை இங்கே பொருந்தும். மாலைப் பணி மாறும்போது அழைப்புத் திரை உறையும். தரவுத்தளக் கேள்விகளை ஒவ்வொன்றாகத் திருத்தினேன், தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸ் போட்டேன், அசையவில்லை. மூன்றாம் நாள் நிலையத்தில் போய் நின்றபோது, பணி முடித்து வந்தவர்கள் உடல் கேமராக்களைக் கழற்றிச் சார்ஜ் தளத்தில் வரிசையாக வைப்பதைப் பார்த்தேன். அவ்வளவுதான். வினாடிக்கு 4 மெகாபிட் தரத்தில் பதிவான காணொளி ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி. பத்து பேர், ஆளுக்கு நான்கு மணி என்றால் 72 ஜிபி. வினாடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் அது ஏற 16 மணி நேரம். அவசர அழைப்பும் அதே கம்பியில்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே வரிசை இது: காணொளி ஏற்றத்துக்கு வேகக் கட்டுப்பாடு போடுங்கள், அழைப்புப் போக்குவரத்துக்கு முன்னுரிமை கொடுங்கள், எல்லோரும் ஒரே நிமிடத்தில் லாகின் செய்வதால் வரும் நெரிசலைப் பாருங்கள், மேலதிகாரி கேட்கும் அன்றாட அறிக்கை அதே நேரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடுகிறது என்றால் அறிக்கைக்குத் தரவுத்தள நகல் ஒன்றைத் தனியே வையுங்கள். இவ்வளவும் செய்து தீராதபோதுதான் புதிய சர்வர் பற்றிப் பேச வேண்டும்.

நேரம் பார்த்து அல்ல, வாரக் கணக்கில் மெல்ல மெல்ல வேகம் குறைகிறது, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. நினைவகக் கசிவு: மென்பொருள் எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தருவதில்லை. சிரித்துவிட்டு ‘வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட்’ என்று அட்டவணை போடுவார்கள். லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினி அனுப்புமுறை 1992 அக்டோபர் இறுதியில் தடுமாறிய பிறகு, நவம்பர் 4 அன்று அடியோடு நின்றது. ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் சர்வர் நினைவகத்தில் சிறிது விடுவிக்கப்படாமல் தங்கியது. சுமார் மூன்று வாரத்தில் நிரம்பிவிட்டது. நினைவகப் பயன்பாட்டை ஒரு வாரம் வரைபடமாக எடுங்கள். கோடு ஏறிக்கொண்டே போனால், அந்தப் பகுதியை எழுதியவரிடம் வரைபடத்தோடு போங்கள்.

## அறிகுறி: பார்க்கக் கூடாதவர் பார்க்கிறார்

திருத்தத் தொடங்காதீர்கள். லாக்கைப் பாதுகாத்துவிட்டு, பாதுகாப்புப் பொறுப்பாளரையும் சட்டப் பிரிவையும் அழையுங்கள். யார் எதைப் பார்த்தார் என்பது தெரிவதற்கு முன் கதவை மூடினால் விசாரணைக்கே ஒன்றும் மிஞ்சாது. கசிவு தொடர்கிறது என்றால் அந்தக் கணக்கை மட்டும் முடக்குங்கள், அழிக்க வேண்டாம்.

காரணங்களில் முதலாவது, இடமாற்றம். ஆள் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். பணியாளர் பதிவில் மாறியது, அனுமதிப் பட்டியலில் மாறவில்லை. மறுபடியும் இரண்டு சொந்தக்காரர்கள். பணியாளர் பதிவு ஒன்றே மூலமாக இருந்து, அனுமதி அதிலிருந்து தானாக வர வேண்டும்.

இரண்டாவது, பகிர்ந்த கடவுச்சொல். திரைக்குப் பக்கத்தில் ஒட்டிய சீட்டைப் பார்த்துத் திட்டுவதற்கு முன், ஒருவர் வெளியேறி இன்னொருவர் நுழைய எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து பாருங்கள். அழைப்பு மணி அடிக்கும்போது ஒரு நிமிடம் காத்திருக்க யாராலும் முடியாது. அடையாள அட்டையைத் தட்டினால் நுழையலாம் என்று செய்தால் சீட்டு தானே காணாமல் போகும்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. தேடினால் ‘4 பதிவுகள், அவற்றில் 1 உங்களுக்கு அனுமதியில்லை’ என்று வரும். ரகசியத் தகவலாளர் ஒருவரின் பெயரைத் தட்டி இந்த வரி வந்தாலே கதை கந்தல். மறைத்த பதிவு எண்ணிக்கையிலும் தெரியக் கூடாது. முன்கூட்டிப் பெயரை நிரப்பும் பெட்டியிலும் தெரியக் கூடாது.

## அறிகுறி: சான்றுக் காணொளியின் ஹாஷ் பொருந்தவில்லை

ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எழுத்துச் சரம். பொருந்தவில்லை என்றதும் ‘யாரோ திருத்திவிட்டார்கள்’ என்று அலறாதீர்கள். முதலில், இரண்டு பக்கமும் ஒரே முறையில் கணக்கிட்டதா? ஷா-256 என்றால் 64 எழுத்து வரும்; எம்டி5 என்றால் 32. எண்ணினாலே தெரியும். பழைய மென்பொருளில் எம்டி5 மட்டும் இருந்தால், மூலக் கோப்புக்கு ஷா-256 கணக்கிட்டுப் பக்கத்தில் சேருங்கள். ஒரே எம்டி5 மதிப்பு தரும் இரு வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்று 2004இலேயே காட்டிவிட்டார்கள்.

அடுத்து, பதிவேற்றம் முழுமையடைந்ததா? பைட் அளவை ஒப்பிடுங்கள். அதன்பின், நடுவில் எங்காவது வடிவம் மாறியதா? உலாவியில் ஓடுவதற்காக மென்பொருள் காணொளியை மறுகுறியாக்கம் செய்து அந்த நகலைச் சான்று என்று கொடுத்திருக்கும். செய்திச் செயலியில் அனுப்பி வாங்கியதும் அதே வகைதான். மூலத்தைத் தொடாமல் வைத்து, பார்வை நகலுக்கு ‘நகல்’ என்று பெயர் ஒட்டுங்கள்.

மூன்றும் இல்லையென்றால் நிறுத்துங்கள். கோப்பைத் திறக்கவும் வேண்டாம். இனி அது தடயவியல் ஆய்வகத்தின் வேலை.

## அறிகுறி: பழைய பதிவுகள் காணவில்லை

வடிகட்டி, அனுமதி, காப்புக் கால விதி என்ற வரிசையில் பாருங்கள். கடைசி ஒன்றுதான் கத்தி. குறிப்பிட்ட காலத்துக்குப் பின் சில பதிவுகளை அழிக்கச் சட்டமே சொல்லும். அந்த விதியைக் குறியீடாக்குவதில் ஒரு பிசகு போதும். பிரிட்டனின் தேசியக் காவல் கணினியில் அப்படி ஒரு களையெடுப்பு நிரலின் பிழையால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குற்றப் பதிவுகள் தவறுதலாக அழிந்தது 2021 ஜனவரியில் வெளியே தெரிந்தது. அழிக்கும் நிரல் முதலில் மறைக்க மட்டும் செய்யட்டும், இத்தனை பதிவு என்று ஒரு மனிதரிடம் காட்டட்டும், அவர் கையெழுத்திட்ட பிறகு அழிக்கட்டும்.

## அறிகுறி: தலைமையகக் கணக்கு ஒன்று, நிலையக் கணக்கு ஒன்று

ஒரு நிலையம், ஒரு நாள், காகிதம், பென்சில். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியாது. எண்ணும்போதே கேள்விகள் எழும். ஒரு அடிதடியில் இரண்டு பேர் காயம், மூன்று பேர் மீது குற்றச்சாட்டு என்றால் அது ஒன்றா, இரண்டா, மூன்றா? ஞாயிறு நடந்து, செவ்வாய் புகார் கொடுத்து, புதன் பதிவேற்றியது எந்த நாள் கணக்கு? ‘முடிந்தது’ என்ற நிலை ஒரு பிரிவுக்கு நீதிமன்றத்துக்குப் போனது, இன்னொன்றுக்குக் கைவிட்டது. நிரல் சரியாகவே இருக்கும், சொல்லுக்குத்தான் இரண்டு பொருள். அந்தப் பொருளைத் தீர்மானிக்கும் அதிகாரம் மென்பொருள்காரருக்குக் கிடையாது. இரு பிரிவுத் தலைவர்களையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள்.

## அறிகுறி: பிழையே இல்லை, யாரும் பயன்படுத்தவும் இல்லை

லாக் சுத்தமாக இருக்கும், புகாரே வராது, எல்லாப் பதிவும் இரவு பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் ஏறியிருக்கும். அதாவது பகலெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ராத்திரி யாரோ ஒருவர் மொத்தமாகத் தட்டுகிறார்.

ஒரு ரோந்துப் பணி முழுக்க வண்டியில் கூடவே போங்கள். மழையில் நனைந்த விரலுக்குத் திரை பதில் சொல்கிறதா, இரவில் திரையின் வெளிச்சம் ஆளைக் காட்டிக்கொடுக்கிறதா, ஒரு சிறு தகராறைப் பதிய எத்தனை கட்டாயப் புலம் என்று பாருங்கள். புலங்களில் பாதியை எந்த அறிக்கையும் படிப்பதில்லை என்றால் எடுத்துவிடுங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் கட்டமைப்பையே மறுபரிசீலனை செய்யும் ஆளை வெளியிலிருந்து அழைக்கலாம். அமெரிக்க எஃப்பிஐ தன் மெய்நிகர் வழக்குக் கோப்பு மென்பொருளைச் சுமார் 17 கோடி டாலர் செலவுக்குப் பின் 2005இல் கைவிட்டது. அதற்கு மாற்றாக வந்த சென்டினல் முழுமையாக ஓடத் தொடங்கியது 2012இல். வெளியாள் அறிக்கை கையில் வந்தால், அதில் ரோந்துக் காவலர் எத்தனை பேரிடம் பேசினார் என்ற பக்கத்தை முதலில் புரட்டுங்கள்.